ஏலக்காட்டுக்கு ஓர் ஒளித்துப்பாக்கி

நல்லேப்பிள்ளியிலிருந்து சக்குபள்ளம் போகிறவனுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. புறப்படுகிற ஊர் திருக்கொச்சி ராஜ்யம். போய்ச் சேருகிற ஊரும் திருக்கொச்சி ராஜ்யம். நடுவில் வருவதெல்லாம் மதராஸ் ராஜ்யம். நம் வீட்டுக் கூடத்திலிருந்து நம் வீட்டுச் சமையலறைக்கு அடுத்த வீட்டு வாசல் வழியாக நடந்து போகிற கதை. அப்படி நடக்கிறவன் கை வீசிக்கொண்டு போனால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் ஓர் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆயுதம் என்றதும் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட வேண்டாம். சித்தூர்க் கடைத்தெருவில் எனக்கு ஒரு விளக்குக் கடை உண்டு. அரிக்கன் லாந்தர், டார்ச், பாட்டரி, காஸ் லைட்டுக்கு மாண்டில், இவ்வளவுதான் சரக்கு. மத்தியானத்தில் ஈ ஓட்டுகிற நேரத்தில் பத்திரிகை படிப்பேன். அப்படி ஒருநாள் ஒரு மாதப் பத்திரிகையில் படித்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். இனிமேல் துப்பாக்கியும் தோட்டாவும் பழைய சாமான் கடைக்குப் போய்விடும், வெளிநாட்டு விஞ்ஞானிகள் ஒளியையும் மின்சாரத்தையும் குழாய்த் தண்ணீர் மாதிரி குறி பார்த்துப் பாய்ச்சப் போகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. அதற்கு மரணக் கதிர் என்று பெயர். வேண்டுமானால் கொல்லும், வேண்டாமென்றால் மயக்கிப் போடும், ஒரு திருகாணியைத் திருப்புவதில்தான் வித்தியாசமாம்.

எனக்கு அந்த மயக்கிப் போடுகிற பாதிதான் பிடித்தது. காரணம் என் தங்கை ஜொஹரா.

ஜொஹராவைக் கம்பத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை காதருக்குச் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம். தங்கமான மனுஷன். ஆனால் போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் காவல் பரணில் உட்கார்ந்திருந்தவன், தோட்டத்துக்குள் இலை அசைவதைப் பார்த்துக் காட்டுப்பன்றி என்று சுட்டுவிட்டான். விழுந்தது பன்றி இல்லை, தோட்டத்துக் கங்காணி சூசை. ஆண்டவன் கிருபையால் ரவைகள் தொடையோடு நின்றுவிட்டன. சூசை பிழைத்துக்கொண்டான், யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து காதர் துப்பாக்கியைத் தொடவில்லை. அந்தச் சேதி பன்றிக்கும் யானைக்கும் எப்படித்தான் எட்டியதோ, ராஜநடை போட்டு வந்து தோட்டத்தை மிதித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

இப்போது லைசென்ஸ் புதுக்குகிற காலம் வந்துவிட்டது. காதர் தேவிகுளத்துக்குப் போய் லைசென்ஸைப் புதுக்கி மறுபடியும் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் தோட்டம் யானைக்கு. பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்த ஜொஹரா என்னிடம் அடித்துச் சொல்லிவிட்டாள்:

"அண்ணா, அந்த ஊட்ல ஒண்ணு துப்பாக்கி இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்கோணும். அவரு மறுக்கா அதுல தோட்டாப் போட்டாருன்னா நான் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இங்க வந்துருவேனுங்க. ராவெல்லாம் அந்த மனுசன் தூக்கத்துல சூசை சூசைன்னு கத்துறத உங்களால கேக்க முடியாது."

விளையாட்டுக்குப் பேசுகிற பெண் இல்லை அவள். அந்த வாரமே கோயம்புத்தூர் போய், பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் ஒரு சர்ச்லைட்டைப் பிடித்துவிட்டேன். அண்டா வாய் அகலத்துக்குக் கண்ணாடி. லாரி பாட்டரியில் எரியும். நம் வீட்டு வாசலில் வைத்து, முதல் போகம் அறுத்த வயல் மேலே அடித்துப் பார்த்தேன். யா அல்லா! வெளிச்சம் வயலையெல்லாம் தாண்டிப் போய், அக்கரைப் பனைமரத்தில் தொங்குகிற கள்ளுக் கலயத்தை எண்ணிக் காட்டியது. வரப்பில் நின்ற எருது ஒன்று முகத்தில் வெளிச்சம் பட்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதை மறுநாள் கொழிஞ்சாம்பாறையில் போய்ப் பிடித்து வந்தார்கள். எருது ஓடினால் யானை ஓடாதா? சுட்டாலும் சாகாது, தவறி மனுஷன் மேல் பட்டாலும் கண் கூசுவதோடு போயிற்று. விஞ்ஞானிகள் வருகிறபோது வரட்டும், காதருக்கு நானே கொடுத்துவிடுகிறேன் என்று, திரும்பிப் போயிருந்த ஜொஹராவுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே சோதனை. விளக்கை வைக்கோல் திணித்த பெட்டியிலும் பாட்டரியைச் சாக்கிலும் கட்டி பஸ் கூரை மேல் ஏற்றியிருந்தேன். பொள்ளாச்சி தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஒரு கல்யாணக் கோஷ்டி ஏறியது. சீர் சாமான்களெல்லாம் கூரைக்குப் போயின. ஒரு மேட்டில் வண்டி குலுங்கியதில் பாட்டரி சாய்ந்து, ஆசிட் ஒழுகி, பெண்ணுக்குச் சீராகக் கொண்டுபோன புது ஜமக்காளத்தில் கொழுக்கட்டை அகலத்துக்கு ஓட்டைகள். இறக்கிப் பார்த்த பெண்ணின் மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, இது என்ன கெரகம்? கண்ணாலத்துக்குப் போற சாமான் மேலயா தண்ணி ஊத்துவீங்க? அதும் பொசுக்குற தண்ணி!"

என்ன சொல்லியும் சமாதானம் ஆகவில்லை. பஸ்ஸே இரண்டு கட்சியாகி விட்டது. கடைசியில் என் பையிலிருந்து ஒரு புது டார்ச்சை எடுத்து, மூன்று பாட்டரியும் போட்டு, மாப்பிள்ளைக்கு என் பரிசு என்று நீட்டினேன். மாமா அதை அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பழனி வருகிற வரை அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. தூங்குகிறவன் முகத்தில் அடித்தார், கண்டக்டர் முகத்தில் அடித்தார், பட்டப்பகலில் டிரைவர் பின்மண்டையில் அடித்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "வெளக்க அணைக்கிறியா, வெளிய எறியட்டுமா?" என்று கத்தினார். ஆளைக் கொல்லாத ஆயுதம் என்றால் எல்லாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும் போலிருக்கிறது. இறங்கும்போது அதே மாமா இலைப் பொட்டலத்தில் எனக்குச் சீர்ப் பலகாரம் கொடுத்தார். கச்சாயம் அருமை.

மறுநாள் காலையில் மலை ஏறினோம். பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. கிளீனர் தகர டப்பாவோடு ஓடைக்குப் போனான். நாங்களெல்லாம் இறங்கி நிழலில் நின்றோம். இரண்டு பேர் தேவிகுளம் தமிழனுக்கா மலையாளத்தானுக்கா என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடையில் திராட்சை வைத்திருந்த ஓர் அம்மாள், "யாருக்கு வேணா இருக்கட்டும்ப்பா, மொதல்ல இந்த ரோட்டப் போடச் சொல்லு" என்று முடித்து வைத்தாள். அவளிடம் திராட்சை வாங்கித் தின்றேன். புளிப்பில் பல் கூசியது. ஆனாலும் அந்த ஏற்றத்தில் அது அமிர்தம்.

குமுளிச் செக்போஸ்டில்தான் என் வாய் என்னை மாட்டிவிட்டது. காவல்காரர் மலையாளி, நரைத்த மீசை, சாந்தமான முகம். பெட்டியில் என்ன என்று கேட்டார். விளக்கு என்று சொல்லியிருந்தால் போ என்று விட்டிருப்பார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "துப்பாக்கிக்குப் பதிலா வந்திருக்கிற புது ஆயுதம்" என்றேன். நான் சொன்னதில் துப்பாக்கி மட்டும்தான் அவர் காதில் ஏறியது. கதவை அடைத்து, உள்ளே இருந்த அதிகாரியைக் கூப்பிட்டு, பெட்டியை நடுரோட்டில் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சுற்றி வந்து நின்றார்கள்.

உச்சி வெயில். பாட்டரியில் ஒயரை மாட்டி விளக்கைப் போட்டேன். வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதிகாரி கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடுகூடச் சரியாக இல்லையே! இதை வைத்தா யானையைச் சுடப் போகிறீர்?" என்று மலையாளத்தில் கேட்டார். "சுடவில்லை சார், விரட்டுகிறேன்" என்றேன். "இவ்வளவு பெரிய கண்ணாடியைக் காட்டினால் யானை நின்று முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளும்" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. ஆனால் நல்ல மனுஷர். பஸ்ஸைப் பிடித்து வைத்ததற்காகப் பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் டீ சொல்லி, எனக்கு மட்டும் தனியாகக் கப்பையும் மீன் கறியும் வாங்கிக் கொடுத்தார். நம் பாலக்காட்டில் மரவள்ளிக் கிழங்கைச் சீந்த மாட்டோம். அங்கே அந்த மலைக் காற்றில், உதட்டை எரிக்கிற மீன் குழம்போடு அதைத் தின்றபோது, இத்தனை நாள் வீணாய்ப் போயிற்றே என்று இருந்தது. பின்னாலேயே டீ வந்தது. ஊரே ஏலக்காய் மணக்கிறது, டீயில் ஒரு காய் கிடையாது. கேட்டால், "அதெல்லாம் மெட்ராஸ்காரன் குடிக்கிறதுக்கு" என்கிறான் கடைக்காரன்.

குமுளியில் பிடித்த ஜீப் சக்குபள்ளத்தில் நின்றதும் ஜொஹரா ஓடி வந்தாள். அத்தனை வருஷம் அந்த மலையில் இருந்தும் பேச்சு இம்மி மாறவில்லை. "வாங்கண்ணா, என்னுங்க இப்படி எளச்சுப் போயிட்டீங்க" என்று என் தொந்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பின்னால் காதர் வந்தான். அவன்தான் இளைத்திருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. "வாங்க மச்சான், ஊர்ல எல்லாரும் சொகமா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தான். எத்தனை சிரிப்பும் கிண்டலுமாக இருந்த பிள்ளை!

பெட்டியைத் தூக்க வந்தவன் சூசை. எடுத்து வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கம் சாய்கிறான், ஆனால் வாய் மட்டும் சாயவில்லை. "அண்ணாச்சி, இதான் அந்தக் கொல்லாத துப்பாக்கியா? ஒரு வருசம் முந்திக் கொண்டாந்திருந்தா என் தொடை தப்பிச்சிருக்கும்லா?" என்று சொல்லிச் சிரித்தான். காதர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சூசை உடனே, "சும்மா சொல்லுதேன் மொதலாளி. நாலஞ்சு ரவை உள்ள கெடக்கது நல்லதுக்குத்தான். மழை வரதுக்கு முன்ன காலு சொல்லிருது" என்றான். சுட்டவனைச் சுடப்பட்டவன் தேற்றுகிற அந்தக் காட்சியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலையில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான் காதர். எங்கள் ஊரில் வரப்பில் நின்றால் மூன்று ஊர் தெரியும், கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும். இங்கே இரண்டு கை தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. தலைக்கு மேல் காட்டு மரங்கள், அதன் நிழலில் ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடிகள். இலையை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு சரிவு முழுக்கச் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு நசுங்கிக் கிடந்தன. "தின்னது கொஞ்சந்தான் மச்சான். மிதிச்சதுதான் அம்புட்டும்" என்றான். யானை என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் ஒருவரும் சொல்வதில்லை. பெரியவர் என்பார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடுமாம்.

நடந்துகொண்டே அவனிடம் மரணக் கதிரைப் பற்றி எடுத்து விட்டேன். அமெரிக்காக்காரன், ரஷ்யாக்காரன், திருகாணி, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "நெசமாவே வருமா மச்சான்?"

"நிச்சயமா வரும். இன்னும் கொஞ்ச காலத்துல தோட்டாவே இருக்காது பாரு."

"வரட்டும். ஆனா அதும் யாராச்சும் ஒருத்தன் கையிலதான இருக்கும்? குண்டுன்னாவது குறுக்க ஒரு மரம் நின்னாத் தடுக்கும். கதிரு நிக்குமா?"

"அதனாலதான் கொல்ற கதிரை விட்டுட்டு நான் கூசுற கதிரைக் கொண்டாந்திருக்கேன்" என்று சமாளித்தேன். லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், ஒரு நிபந்தனை போட்டேன்: இன்றைக்குச் சாயங்காலம் பரணில் விளக்கு மட்டும்தான், துப்பாக்கி வீட்டிலேயே பூட்டிக் கிடக்க வேண்டும். பெரியவர் வெளிச்சத்துக்குத் திரும்பி ஓடினால் நாளைக்கே தேவிகுளம் போய்த் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். ஓடாவிட்டால் லைசென்ஸைப் புதுக்கிக்கொள்ளட்டும், நான் ஒரு பேச்சுப் பேச மாட்டேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். ஜொஹராவிடம் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த இடத்தில் அந்தத் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு மணியாகத் தொங்குகிறது. காவலுக்குத் துப்பாக்கி பரண் ஏறும் முன்னால் அதைச் சம்மட்டியால் நாலு தட்டு தட்டுவார்கள். அது கேட்டால், கூலிக்காரர் லயத்தில் இருக்கிற ஆள் எவரும் தோட்டத்துப் பாதையில் கால் வைக்க மாட்டார்கள். பிள்ளைகளைக்கூட உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு நானும் காதரும் சூசையும் கிளம்பினோம். சூசை சம்மட்டியை எடுத்தான். நான், "வெளக்குக்கு எதுக்குப்பா மணி? மணி அடிச்சா வர்ற யானையும் போயிரும்" என்றேன். அது நியாயம்தானே என்று அவனும் வைத்துவிட்டான். காதரும் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தான். துப்பாக்கி இல்லாத காவலுக்கு மணி அடித்த பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

பரணில் விளக்கைச் சரிவைப் பார்த்துக் கட்டி, பாட்டரியை மாட்டி உட்கார்ந்தோம். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. திடீரென்று கீழேயிருந்து பனிமூட்டம் ஏறியது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சரிவில் எங்கேயோ மூங்கில் ஒடிகிற சத்தம். சூசை என் தொடையைக் கிள்ளி, "பெரியவரு" என்றான். பிஸ்மில்லா சொல்லி விசையைத் தட்டினேன்.

ஐயோ, என்ன சொல்ல! எங்கள் ஊர் வயலில் அக்கரை வரை பாய்ந்த வெளிச்சம், இங்கே பத்தடி போய் மூட்டத்தில் மோதி, அத்தனையும் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்துவிட்டது. எதிரே வெள்ளைச் சுவர். சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே வெள்ளை. யானையின் கண்ணைக் கூசச் செய்யக் கொண்டுபோன ஆயுதம் எங்கள் கண்ணைக் கெடுத்தது. இந்த மலையில் சாயங்காலமானால் மூட்டம் ஏறும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நல்லேப்பிள்ளிக்காரனுக்குத் தெரியவில்லை, வேறென்ன!

அணைக்கலாம் என்று கையை நீட்டினேன். அப்போது அந்த வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்பு உருவம் எழுந்தது. மரத்தளவு உயரம். அகலமான முதுகு. அசைந்தது. அசைந்து, எங்கள் பக்கம் திரும்பி, துதிக்கையைத் தூக்கியது. வாழ்க்கையில் அவ்வளவு பெரிய யானையை நான் பார்த்ததில்லை. சூசை பரணோடு ஒட்டிக்கொண்டான்.

பக்கத்தில் காதரின் வலது கை பரபரவென்று எதையோ தேடியது. பலகையில் தடவியது, தோளுக்குப் போனது, மறுபடியும் பலகைக்கு வந்தது. அவன் கண் அந்த உருவத்தை விட்டு அகலவே இல்லை. இடது கை ஏற்கெனவே குழலைத் தாங்குகிற மாதிரி முன்னால் நீண்டிருந்தது. கைக்குத் துப்பாக்கி கிடைத்திருந்தால் ஒரு நொடி தாமதித்திருக்க மாட்டான். கிடைக்கவில்லை. அது வீட்டில் பூட்டிக் கிடந்தது.

"ஏனுங்க! கண்ணக் கூசுது, அந்தக் கெரகத்த அணைச்சுத் தொலைங்க! ஒண்ணும் தெரியாம எங்க கால வெக்கிறது?"

யானை பேசியது. என் தங்கை குரலில் பேசியது.

விளக்கை எப்படி அணைத்தேன், எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பரணுக்கு முன்னாலேயே, பாதையில், தலையும் முதுகும் மூடக் கம்பளிக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றது ஜொஹரா. சூசையின் மனைவிக்குப் பிரசவமாகி ஒரு வாரம். அவளுக்குப் பூண்டுக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். மணிச் சத்தம் கேட்கவில்லை, சரி இன்னும் யாரும் பரண் ஏறவில்லை என்று குறுக்குப் பாதையில் வந்துவிட்டாள். விளக்குக்கும் மூட்டத்துக்கும் நடுவில் அவள் வந்ததும் நிழல் மூட்டத்தின் மேல் விழுந்து மலையாகிவிட்டது. கூச்சத்தில் கண்ணை மறைக்க அவள் தூக்கிய கைதான் துதிக்கை.

காதர் கீழே இறங்கியவன் அவள் முன்னால் நின்றான். அவள் தோளைத் தொட்டுப் பார்த்தான், முகத்தைத் தொட்டுப் பார்த்தான், பிறகு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதான். ஜொஹராவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சூசை சிலுவை போட்டுக்கொண்டான். சரிவில் மூங்கில் ஒடிகிற சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நிஜப் பெரியவர் எங்களைச் சட்டையே செய்யவில்லை.

காலையில் ஜொஹரா அரிசிப் பத்திரியும் ஆட்டுக் குழம்பும் வைத்தாள். நான் கோழியைத் திருடியவன் மாதிரி குனிந்து தின்றுகொண்டிருந்தேன். என் நிபந்தனைப்படி பார்த்தால் விளக்கு தோற்றுவிட்டது. கடைசியில் வாயைத் திறந்தேன். "மணி அடிக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன் காதர். துப்பாக்கி ஏறியிருந்தா மணி அடிச்சிருப்பீங்க, இவளும் வந்திருக்க மாட்டா. தப்பு என் பேர்ல."

"மணி அடிச்ச அன்னைக்குத்தான மச்சான் சூசை விழுந்தான்?" என்றான் காதர். "மழைச் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. மணி, வெளக்கு, அதெல்லாம் இருக்கட்டும். நேத்து எங் கை போச்சே, பாத்தீகளா? நான் போகச் சொல்லல. அதாவே போச்சு."

பாத்திரத்தை எடுக்க வந்த ஜொஹரா அங்கேயே நின்றுவிட்டாள்.

"செடிய மிதிச்சா மறுபடி நட்டுக்கலாம்" என்று அவளைப் பார்க்காமலே சொன்னான். "ஆளு வச்சுத் தகரம் தட்டுவோம், தீ போடுவோம். அதுக்கும் மேல போனா, போனது போகட்டும். ஜீப்புக்குச் சொல்லி விடுங்க மச்சான்."

தேவிகுளத்துக்கு ஜொஹராவும் வந்தாள். தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாளாம். வழியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி அது யார் தோட்டம், இது யார் தோட்டம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். சந்தோஷத்தில் அவள் வாய் ஓயவில்லை. தேயிலைச் சரிவுகள் எல்லாம் ஒரே அளவாகக் கத்தரித்து விட்டிருந்தன. இங்கே கொண்டுவந்து அடித்திருந்தால் என் விளக்கு ஓர் ஆட்டம் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆசை லேசில் விடுகிறதா? அந்த விளக்கை ஸ்டோரில் மாட்டிவிட்டு வந்தோம். ஏலக்காய் பொறுக்குகிற பெண்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும். கொல்லாத துப்பாக்கி உலகத்துக்கு என்றைக்காவது வரத்தான் போகிறது, வரட்டும், நான் முதல் ஆளாகக் கடையில் வாங்கி வைப்பேன். ஆனால் காதருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

தாலுகாக் கச்சேரியில் கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் புது லைசென்ஸ் கேட்டு வந்த தோட்டக்காரர்கள். காதர் கம்பளியில் சுற்றிய துப்பாக்கியை மேஜை மேல் வைத்து, ஒப்படைக்க வந்திருக்கிறேன் என்று மலையாளத்தில் சொன்னான். குமாஸ்தா இளவயசுக்காரர். தலை நிமிர்ந்து பார்த்தார். வாங்கத்தான் வருவார்கள், திருப்பிக் கொடுக்க வந்த ஆளை அவர் பார்த்ததில்லை போலும்.

"பழுதா?" என்று கேட்டார்.

"இல்லை சார், நல்லாச் சுடும்."

"தோட்டத்தை விற்றுவிட்டீரா?"

"இல்லை."

"பிறகு என்ன காரணம்? மேலதிகாரி கேட்டால் நான் ஏதாவது சொல்ல வேண்டுமே."

காதர் துப்பாக்கியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். "பயம்னு சொல்லுங்க சார்" என்றான்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்துவிட்டார். "ஆனைக்குப் பயந்தவன் துப்பாக்கி வாங்கத்தானே வேண்டும்? நீர் கொடுக்கிறீரே!"

"ஆனையைப் பார்த்து இல்லை சார்" என்றான் காதர். "என்னைப் பார்த்துத்தான்."